எழுதுவினைஞர் ஹென்றிக்குக்கு எத்தனை புள்ளி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா தொலைபேசியில் அழைத்தார். நான் முன்பு படிப்பித்த பாடசாலையில் இப்போது வரலாறு படிப்பிப்பவர் அவர். வினாத்தாள் ஒன்று தயாரிப்பதாகச் சொன்னார். மூலாதாரக் கேள்விக்கு ஒரு பழைய படம் தேவைப்பட்டதாம். கைத்தொலைபேசியிடம் கேட்டால் "ஒல்லாந்தர் காலக் கொழும்பு" என்று உடனே ஒரு படம் கீறித் தருகிறதாம். அதைப் போடலாமா என்று கேட்டார்.

"அடியில 'இது உண்மையான படம் இல்லை' எண்டு ஒரு வரி போட்டாச் சரிதானே மிஸ்?"

"அந்த வரி எவ்வளவு காலம் அடியில நிக்கும் எண்டு நினைக்கிறீங்க?" என்றேன்.

ஷர்மிளாவுக்கு விளங்கவில்லை. தொலைபேசியில் விளங்கப்படுத்தக்கூடிய விஷயமும் அல்ல. அவரும் அவரைப் போன்ற மற்ற இளம் ஆசிரியர்களும் ஆறுதலாக வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகளாகின்றன. வயதெல்லை வரும்வரை காத்திராமல் முன்னதாகவே கேட்டு விலகிக்கொண்டேன். பிறந்ததும் இருப்பதும் வெள்ளவத்தை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன், ஆசிரியர் பயிற்சி பெற்றேன், நியமனம் கிடைத்தது. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மன்னர்களின் பெயர்களை வரிசைப்படி சொல்ல அங்கே கற்றுக்கொண்டேன். ஒரு பிள்ளையின் விடையை எப்படி வாசிப்பது என்று கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுத் தந்தவர் இஞ்ஞாசி சேர்.

கொழும்பில் சில தமிழ்மொழிப் பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து, பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு முன் ஒரு முன்னோடிப் பரீட்சை நடத்தி வந்தோம். எங்களுக்கு அலுவலகமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. விடுமுறை தொடங்கியதும் கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, மேசைகளை ஒட்டிப் போட்டு, விடைத்தாள்களைத் திருத்துவோம். இஞ்ஞாசி சேர் எங்கள் பிரதம பரீட்சகர். உப அதிபராக இருந்து இளைப்பாறியவர். பிறந்தது கொழும்பின் வடக்கே ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், மீன்பிடிக் குடும்பத்தில். உயரம் குறைவு, குரலும் குறைவு. வெள்ளைச் சேர்ட்டின் பையில் எப்போதும் ஒரு ஊதாப் பேனா இருக்கும்.

ஊதாப் பேனா அவருக்கு மட்டும் உரியது. எங்களுக்குச் சிவப்பு. ஒவ்வொரு உபபகுதிக்குமான புள்ளியை ஒரு முக்கோணத்துக்குள் பின்னமாக எழுத வேண்டும், முழு வினாவுக்கான புள்ளியைச் சதுரத்துக்குள் எழுத வேண்டும். இது எல்லாத் திருத்துநர்களுக்கும் தெரிந்த நடைமுறை. சேர் அதற்கு மேல் தன் சொந்த விதிகள் சிலவற்றைச் சேர்த்திருந்தார். முதல் நாள் காலையில் ஒருவரும் விடைத்தாள் கட்டை அவிழ்க்கக்கூடாது. ஒரே விடைத்தாளின் பிரதியை எல்லோரும் திருத்தி, புள்ளியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் இரண்டு என்றும் மற்றவர் ஐந்து என்றும் சொன்னால், ஏன் என்று தீரும்வரை தேநீர் வராது. விடைத்தாளில் "தவறு", "கவனம் போதாது" என்று ஒரு சொல்லும் எழுதக்கூடாது.

"பிள்ளையின்ட தாள் இது. அதில எங்கட கோபத்துக்கு இடமில்லை" என்பார்.

நாம் போட்ட புள்ளி பிழை என்று அவர் நேரடியாகச் சொன்னதை நான் கேட்டதில்லை. பின்னால் வந்து நிற்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "சத்தமா வாசிங்க மிஸ், பாப்பம்" என்பார். பிள்ளை எழுதியதை நாம் வாசிப்போம். மூன்றாவது வரியில் நம் குரல் தானாகத் தணியும். நாம் காணாமல் விட்ட இடம் அங்கே இருக்கும். சேர் அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அவருக்கு மிகவும் பிடித்தது மூலாதாரக் கேள்வி. ஒரு பழைய குறிப்பைக் கொடுத்து, "இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? காரணம் தருக" என்று கேட்பது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார், கண்டதா கேட்டதா என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். சேர் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார். "எழுதினவருக்கு ஆர் சம்பளம் குடுத்தது? அதைக் கேக்காத பிள்ளைக்கு முழுப் புள்ளி இல்லை."

இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பாடப்புத்தகத்திலுள்ள குறிப்புகள் எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். முன்பு காணாத ஒன்றைக் கொடுத்தால்தான் சோதிக்கலாம். அளவாக, தமிழில், ஐந்தாறு வரியில் அப்படி ஒன்று எங்கே கிடைக்கும்? ஆகவே வினாத்தாள் தயாரிப்பவரே ஒரு குறிப்பை எழுதிவிடுவது எங்களுக்குள் வழக்கமாயிருந்தது. அதைச் "சமையல்" என்போம். அடியில் சிறிய எழுத்தில் "பரீட்சைக்கென ஆக்கப்பட்டது" என்று போட்டுவிடுவோம்.

சேர் சமைத்தால் உள்ளே வேண்டுமென்றே ஒரு கல்லைப் போடுவார். உலகத்தில் நடக்க முடியாத ஒரு சின்ன விஷயம் அது. கவனமாக வாசிக்கும் பிள்ளையின் பல்லில் அது படவேண்டும்.

ஒரு வருடம் ஒல்லாந்தர் காலம் பற்றிக் கேள்வி. தேநீர் இடைவேளையில் சேர் பனிஸைக் கடித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். எதிரே தெமட்டகொடைப் பாடசாலையிலிருந்து வரும் நஸீமா டீச்சர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பகிடி விடுவதில் அவரைப் போல ஒருவர் இல்லை.

"சேர், இண்டக்கி என்ன கறி?"

"ஒல்லாந்தக் கறி டீச்சர். பொறுங்க, உப்புப் போடுறன்."

பிறகு வாசித்துக் காட்டினார். ஒல்லாந்தக் கம்பெனிக்காகக் கோட்டையில் வேலை செய்யும் ஹென்றிக் என்ற எழுதுவினைஞர் தன் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பு அது:

"முகத்துவாரத்தில் மீன்பிடிப்போர் கம்பெனியின் ஆட்சியில் மிகுந்த திருப்தியுடன் வாழ்கின்றனர். வரியைப் பற்றியோ எமது சமயத்தைப் பற்றியோ ஒருவரும் என்னிடம் முறையிட்டதில்லை. இன்று அதிகாலை ஆற்றின் முகத்தில் நின்று, கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுவதையும் அவர்கள் பாடிக்கொண்டே வலை இழுப்பதையும் என் கண்ணால் கண்டேன்."

"சூரியன்!" என்றேன் நான்.

"மெதுவா மிஸ். பிள்ளைகளுக்குக் கேக்கும்" என்றார் சேர். பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. மேற்கே இருக்கும் கொழும்புக் கடலில் சூரியன் மறையுமே தவிர எழாது. அதுதான் அந்த வருடத்துக் கல்.

"பாவம் மனிசன்" என்றார் நஸீமா டீச்சர். "கட்டாயம் கோட்டைக்குள்ளயே தூங்கிக்கிட்டு எழுதிரிக்கார்."

"அதையும் ஒரு பிள்ளை எழுதினா ஒரு புள்ளி கூடப் போடுவம்" என்றார் சேர்.

அந்த வருடம் முகத்துவாரப் பிள்ளைகள் பலர் கல்லைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பிள்ளை, "இவர் எங்கள் கடலைப் பார்த்ததே இல்லை" என்று எழுதியிருந்தது. சேர் அந்தத் தாளை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். பரீட்சை முடிந்தது. ஹென்றிக்கை நாங்கள் மறந்துபோனோம். அதற்குப் பிறகு இன்னும் எத்தனையோ பேரைச் சமைத்தோம்.

சில வருடங்கள் சென்றன. அதே மண்டபம், அதே மின்விசிறிகள். இம்முறை மூலாதாரக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றியிருந்தோம். குறிப்பு எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. "ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பு மக்களின் வாழ்க்கையை அறிய உதவும் மூலாதாரம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதன் நம்பகத்தன்மையை மதிப்பிடுக." மூலாதாரத்தைச் சரியாகக் குறிப்பிட்டால் இரண்டு புள்ளி, மதிப்பீட்டுக்கு நான்கு.

என் விடைத்தாள் கட்டுக்குள் ஒரு தாளில் இப்படி இருந்தது: "முகத்துவார மக்கள் ஒல்லாந்தர் ஆட்சியில் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர் என்பதை எழுதுவினைஞர் ஹென்றிக்கின் குறிப்பால் அறியலாம்."

இரண்டாம் முறை வாசித்தேன். பிறகு தாளை நஸீமா டீச்சரின் பக்கம் நகர்த்தினேன்.

அவர் வாசித்தார். "அல்லாஹ்வே! இந்தாள் இன்னும் மவுத்தாகல்லயா?"

சாகாத ஹென்றிக்கைப் பார்த்து முதலில் சிரித்தோம். அடுத்த தாளிலும் ஹென்றிக் வந்தார். அதற்கடுத்த தாளில் இல்லை, ஆனால் நஸீமா டீச்சரின் கட்டுக்குள் இருந்தார், வேறொரு பாடசாலையின் கட்டுக்குள்ளும் இருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் மேசையின் கடைசியில் கேதீஸ் இருந்தார். ஹெவ்லொக் டவுனிலிருந்து அந்த வருடம்தான் புதிதாக வந்தவர், இளம் ஆசிரியர்.

"ஏன் டீச்சர், நல்ல ஆதாரம்தானே?" என்றார். "நான் எல்லாருக்கும் ரெண்டு போட்டிட்டன். என்ர பிள்ளையளின்ர ரியூசன் நோட்ஸிலயும் இருக்கு."

பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தும் தந்தார். சுத்தமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மேலே "முதலாம் நிலை மூலாதாரம்" என்ற தலைப்பு. கீழே "பிரபல ஒல்லாந்த எழுத்தாளர் ஹென்றிக்" என்ற பெயர். "பரீட்சைக்கென ஆக்கப்பட்டது" என்ற வரியைக் காணவில்லை.

"புரமோஷனும் குடுத்திரிக்காங்க" என்றார் நஸீமா டீச்சர், மெதுவாக.

நான் கடைசி வாக்கியத்தைத் தேடினேன். அது இப்படி மாறியிருந்தது: "இன்று மாலை ஆற்றின் முகத்தில் நின்று, கடலுக்குள் சூரியன் மறைவதையும் அவர்கள் பாடிக்கொண்டே வலை இழுப்பதையும் என் கண்ணால் கண்டேன்."

தாளை எடுத்துக்கொண்டு சேரின் மேசைக்குப் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். கீழே இறக்கிவிட்டு மறுபடி வாசித்தார்.

"கல்லைப் பொறுக்கி எடுத்திட்டாங்க மிஸ்" என்றார்.

"ஓம் சேர்."

"இப்ப ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாது. நானே வாசிச்சாலும் நம்புவன்."

அப்போதும் அவர் பாதிச் சிரிப்பில்தான் இருந்தார். பிறகு பிள்ளையின் விடைத்தாளை வாங்கினார். "முகத்துவார மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்" என்ற வரியில் விரல் நின்றது. அவர் முகம் மாறியதை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் பூசையை மறைவாகக் காண வேண்டியிருந்தது என்பது வரலாறு படித்த எல்லோருக்கும் தெரியும். கத்தோலிக்கரான சேருக்கு அது வீட்டுக்கதையும்கூட.

"என்ட முப்பாட்டன்மார் இதில இருக்கிறாங்க மிஸ். அவங்களுக்கு எதிரா நானே பொய்ச்சாட்சி எழுதிக் குடுத்திருக்கிறன்."

"சேர், நீங்க பிள்ளையள் பிடிக்கோணும் எண்டுதானே எழுதினனீங்க."

"எழுதினது ஏன் எண்டு தாளில இல்லையே. எழுதினது மட்டும்தான் இருக்கு."

அவர் எழுந்து மண்டபத்தின் நடுவுக்கு வந்தார். வழக்கமாக அவர் நின்றவுடன் நாங்கள் பேனாவை வைத்துவிடுவோம். ஹென்றிக் என்று ஒருவர் இல்லை என்றும், தானே எழுதியது என்றும், எந்தக் கேள்விக்காக எழுதினார் என்றும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடித்தார். குரலை உயர்த்தவில்லை. பழைய ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். புதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப எல்லாருக்கும் பூச்சியமா சேர்?" என்று கேதீஸ் கேட்டார். அவர் குரலில் பயம் இருந்தது, அவருடைய வகுப்புப் பிள்ளைகளின் தாள்களும் அந்தக் கட்டுகளில் இருந்தன.

"இல்லாத ஆளுக்கு எப்பிடி ரெண்டு போடுற?" என்றார் நஸீமா டீச்சர்.

"பிள்ளையளுக்குத் தெரியாதே டீச்சர்! நோட்ஸில இருந்ததைத்தானே எழுதினவை. எங்கட பிழைக்கு அதுகளுக்கு ஏன் புள்ளி வெட்டுவான்?"

இருவரும் சொன்னது சரி. மண்டபம் இரண்டாகப் பிரிந்து கதைக்கத் தொடங்கியது. சேர் யாரையும் அடக்கவில்லை. "ஹென்றிக் வந்திருக்கிற தாள் எல்லாத்தையும் என்ட மேசைக்குக் கொண்டு வாங்க" என்றார்.

ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கச் செய்தார். பெரும்பாலானவை ஒரே மாதிரி: ஹென்றிக் நேரில் கண்டவர், ஆகவே நம்பலாம். நோட்ஸில் அப்படியேதான் இருந்தது. பின்னேரம் ஆனபோது நான் வாசித்த ஒரு தாள் வேறுமாதிரி இருந்தது. அதிலிருந்த வரிகளை அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்:

"ஹென்றிக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர். தன் மேலதிகாரிக்கு எழுதுகிறார். ஒருவரும் முறையிடவில்லை என்று அவர் சொல்வதால் மக்களுக்குக் குறை இல்லை என்று ஆகாது. அவரிடம் போய் முறையிட ஒருவரும் விரும்பவில்லை என்றும் கொள்ளலாம். அவர்கள் பாடினார்கள் என்கிறார். என்ன பாட்டு என்று அவருக்கு விளங்கியதா என்று சொல்லவில்லை. எனவே இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது."

வாசித்து முடித்துத் தாளை நீட்டினேன். சேர் வாங்கவில்லை.

"இன்னொருக்கா வாசிங்க" என்றார் சேர். வாசித்தேன்.

"இதுக்கு என்ன போடுற சேர்?" என்றார் கேதீஸ். "ஆதாரமே பொய் எண்டால் மதிப்பீடும் பூச்சியந்தானே?"

சேர் ஊதாப் பேனாவின் மூடியைக் கழற்றினார். முதல் உபபகுதிக்கு அருகே முக்கோணம் கீறினார். அவர் முக்கோணம் கீறும்போது மூன்று கோடும் மூலையில் சரியாகச் சந்திக்கும். அதற்குள் இரண்டுக்குப் பூச்சியம் என்று எழுதினார். அடுத்த முக்கோணத்துக்குள் நான்குக்கு நான்கு.

"ஆள் இல்லை, அதுக்குப் பூச்சியம். ஆனா இந்தப் பிள்ளை அந்த ஆளை விசாரிச்ச விதத்தில எங்க பிழை? காட்டுங்க பாப்பம்."

அன்று பின்னேரம் அதுவே விதியானது. ஹென்றிக்கைக் குறிப்பிட்டதற்குப் பூச்சியம், மதிப்பிட்டதற்கு உழைத்த அளவு. நேரில் கண்டவர் ஆகவே நம்பலாம் என்று எழுதியவர்களுக்கு அதிலும் ஒன்றுக்கு மேல் கிடைக்கவில்லை. கேதீஸ் தன் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களைத் தானே திரும்பத் திருத்தினார்.

கட்டுகளைக் கட்டும்போது சேர் என்னருகே வந்தார்.

"இது எங்கட பரீட்சை மிஸ். எங்களுக்குத் தெரியும், சரிக்கட்டிட்டம். இன்னும் ரெண்டு மாசத்தில உண்மையான பரீட்சை. அங்கயும் இதுகள் ஹென்றிக்கைத்தான் எழுதும். திருத்துறவருக்குச் சந்தேகம் வந்து பூச்சியம் போட்டா, பிள்ளைக்கு நட்டம். சந்தேகம் வராமப் புள்ளி போட்டா..." அவர் முடிக்கவில்லை. "ஆளை எழுதினவன் நான். நிப்பாட்டுறதும் நான்தான் செய்யோணும்."

தத்தம் வகுப்புகளில் சொல்வதாக ஆசிரியர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நோட்ஸ் புறப்பட்ட இடம் வெள்ளவத்தை. பல பாடசாலைப் பிள்ளைகள் வந்து சேரும் ரியூசன் வகுப்பு. அங்கே படிப்பிக்கும் ராஜன் மாஸ்டரை எனக்குத் தெரியும், எங்கள் ஒழுங்கையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அடுத்த சனிக்கிழமை சேர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். நான் காலி வீதியில் காத்திருந்து கூட்டிச் சென்றேன். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், பலசரக்குக் கடைக்கு மேல்மாடி. கடலோரப் பாதையில் ரயில் போகும்போது மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு நிற்பார், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார். அதற்குப் பெயர்போன வகுப்பு.

ராஜன் மாஸ்டர் வாசலுக்கு வந்தார். சேர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்தது.

"சேர், சத்தியமா எனக்குத் தெரியாது. பழைய மாணவன் ஒருத்தன் எழுதி வச்சிருந்த கொப்பியில இருந்துதான் எடுத்தனான். அடியில ஒண்டும் இருக்கேல்ல."

"சூரியனை ஆர் மாத்தினது மாஸ்டர்?"

ராஜன் மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அது... நான்தான் சேர். முகத்துவாரத்தில எப்பிடிச் சூரியன் கடலால எழும்பும்? பெடியன் பிழையாப் பார்த்து எழுதிட்டான் எண்டு நினைச்சுத் திருத்தினனான்."

சேர் அவர் தோளில் தட்டினார். "கண்டுபிடிச்சது நீங்கதான் மாஸ்டர். முழுப் புள்ளி வாங்க வேண்டியவர். திருத்தாம விட்டிருந்தா."

மாஸ்டர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எங்களை உள்ளே அழைத்தார். வாங்குகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். சேர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஹென்றிக் என்று ஒருவர் இருந்ததில்லை, ஒரு வினாத்தாளுக்காகத் தான் எழுதியது, தயவுசெய்து பரீட்சையில் எழுதிவிடாதீர்கள் என்றார்.

"ஐயோ சேர்!" என்று முன்வாங்கில் ஒரு பையன் தலையில் கை வைத்தான். "கொமா, புள்ளியோட மனப்பாடமாக்கிட்டன்!"

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. சன்னலோரம் இருந்த ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினாள். இரட்டைப் பின்னல், நெற்றியில் கீற்றாகத் திருநீறு.

"சேர், ஒண்டு கேக்கலாமா? நீங்கதான் எழுதினதெண்டதுக்கு என்ன ஆதாரம்?"

"பிள்ளை!" என்றார் ராஜன் மாஸ்டர். சேர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"கேக்கட்டும். ஆதாரம் எண்டா... கேள்வித்தாள் இருந்திச்சு மகள். அதில அடியில போட்டிருந்தம். அலுமாரிக்குள்ள மழைத் தண்ணி போய், பழையதெல்லாம் பழுதாப் போச்சு. எறிஞ்சிட்டம்."

"அப்ப இப்ப இல்லை."

"இல்லை."

"நீங்க எழுதினதை வேற ஆராவது கண்டவையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கண்டனான்" என்றேன். "சேருக்குப் பக்கத்தில இருந்தனான். அண்டைக்கே டயறியிலயும் எழுதி வச்சிருக்கிறன். வேணுமெண்டாக் கொண்டுவந்து காட்டுறன்."

அவள் என்னை மரியாதையாகவே பார்த்தாள். "மிஸ், கோவிக்கக்கூடாது. நீங்க சேரோட வந்தனீங்க."

ராஜன் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாழ்நாள் முழுக்கத் தவறாமல் எழுதிவந்த நாட்குறிப்பு, ஒரே வசனத்தில் பெறுமதியற்றுப் போனது. சேரைப் பார்த்தேன். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. மனம் நொந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. மருதானைப் பக்கம் போகும் ரயில், நீளமானது. எல்லோரும் காத்திருந்தோம். சன்னல் கம்பிகள் அதிர்ந்து ஓய்ந்தன. ரயில் போகும்வரை அந்தப் பிள்ளை உட்காரவில்லை. கீழே விரித்திருந்த நோட்ஸைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா சேர்," என்று தொடங்கினாள். "ஹென்றிக் இருந்தாரெண்டதுக்கும் எங்களிட்ட ஒண்டும் இல்லை. மாஸ்டரின்ட நோட்ஸில மட்டுந்தான் இருக்கிறார். புத்தகத்தில இல்லை. நீங்க எழுதினதெண்டதுக்கும் ஒண்டும் இல்லை. ரெண்டுமே தெரியாது. தெரியாத ஆளைக் கொண்டுபோய் எப்பிடிப் பரீட்சையில சாட்சிக்கு நிப்பாட்டுற? நான் எழுதமாட்டன்."

உட்கார்ந்தாள். அடிமட்டத்தை எடுத்து வைத்து, நோட்ஸில் ஹென்றிக்கின் பகுதிக்குக் குறுக்கே ஒரு கோடு கீறினாள். பக்கத்திலிருந்தவள் அதைப் பார்த்துத் தானும் கீறினாள். வாங்கு வாங்காக அடிமட்டங்கள் எடுபடும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் பாடமாக்கினது?" என்றான் முன்வாங்குப் பையன்.

"மறந்திடு" என்றாள் அவள், நிமிராமல்.

சேர் திரும்பினார். கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்துச் சிரித்துத்தான் கண்ணீர் வந்திருந்தது. "நன்றி மகள்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

ராஜன் மாஸ்டர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினோம். காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். வாகன இரைச்சலில் சேர் என் காதருகே வந்து கதைக்க வேண்டியிருந்தது.

"என்னை நம்பேல்ல மிஸ்."

"ஓம் சேர். என்னையும் நம்பேல்ல. என்ர டயறியையும் நம்பேல்ல."

"சரியாத்தானே சொன்னாள்? நீங்க என்னோட வந்தனீங்கதானே!"

சொல்லிவிட்டு மறுபடி சிரிக்கத் தொடங்கினார். பஸ் வந்து நின்றது. சிரிப்பில் அவருக்கு மிதிபலகையில் கால் வைக்க வரவில்லை. "நகின்ட, நகின்ட மாத்தயா" என்று நடத்துனர் சிங்களத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்திக் கையைப் பிடித்து ஏற்றினார். சேருக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்குக் கை காட்டப் பார்த்தார், முடியவில்லை, நெற்றியிலிருந்து கண்ணாடி விழ அதைப் பிடித்துக்கொண்டார். சந்தியில் பச்சை வெளிச்சம் விழுந்து பஸ் நகரும்போதும் தனக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து ஆசனத்திலிருந்தவர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சற்று விலகி உட்கார்ந்தார்.